ஓடையில் ஏறிய உப்பு

அன்பு மகள் ஜனெலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம். அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய சால்மன் டப்பாக்கள் வந்தன, பூனைக்குத் தெரியாமல் நாங்களே தின்று தீர்த்தோம். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று காதைக் கொடுக்கிறார், அதனால்தான் இதைக் கடிதத்தில் எழுதுகிறேன்.

மேட்டில் ஷேல் பாறையை உடைத்து வாயு எடுக்க ஆரம்பித்ததும் அப்பா ஓடைக் காவல் குழுவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். சனிக்கிழமை ஆனால் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, பேனா மாதிரி ஒரு கருவியோடு தண்ணீரில் இறங்கிவிடுவார். அந்தப் பாறையிலிருந்து வரும் கழிவுநீர் கடலைவிட உப்பு, அது கசிந்தால் கருவியில் எண் ஏறும். போன மாதம் ஏறியது. "ஆர்லீன், வந்துடுச்சு! நான் சொன்னேன்ல!" என்று கத்திக்கொண்டு சேற்றுக் காலோடு அடுப்படிவரை வந்துவிட்டார். துடைத்தது நான். மாநில அலுவலகம், பாதிரியார், பக்கத்துப் பண்ணை ரொபர்ட்டா என்று ஒருவரையும் விடாமல் போன் போட்டார். அதிகாரிப் பெண் வந்து, ஓடையில் கொஞ்சம் மேலே நடந்து, குனிந்து, பாதி கரைந்த ஒரு கட்டியைத் தூக்கினாள். "சார், இது உங்க மாடு நக்குறதுக்கு வச்ச உப்புக்கட்டியா?" என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க வரும் இடத்திலேயே இருக்கட்டும் என்று கரையில் அதை வைத்தவர் உன் அப்பாதான். மாடுகள் முட்டி உள்ளே தள்ளியிருக்கின்றன.

அந்த வாரம் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. ரொபர்ட்டா உப்புக் குப்பியை அப்பா தட்டருகே வைத்து, "மெர்ல், இதையும் அளந்து பாரேன்" என்றாள். கூடமே சிரித்தது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். அதன்பிறகு மனிதர் ஓடைப்பக்கமே போகவில்லை. கருவி காலுறைப் பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டிலேயே உட்கார்ந்து எனக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் எத்தனை நாள் பொறுப்பேன்?

ஒரு சனிக்கிழமை நானே அவருடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டேன், அது என் அக்குள்வரை வந்தது. இறங்கி அளந்தால் எண் அவர் பார்த்ததைவிட மேலே நிற்கிறது. மேலே நடந்து தேடினேன், உப்புக்கட்டி எதுவும் இல்லை. மாடுகளும் தொழுவத்தில். நம் கிணறு அந்த ஓடைக்கரையில், ஆகஸ்டில் நீ கைக்குழந்தையோடு வருகிறாய். ஆனால் இதுவும் அசட்டுத்தனமாகப் போனால் இந்த வீட்டிலிருந்து போகும் போனை இனி யார் எடுப்பார்கள்? இருந்தும் போன் செய்தேன். "மறுபடியும் மாடாம்மா?" என்று கேட்டாள் அதிகாரிப் பெண். "மாடு தொழுவத்துல நிக்குது, தண்ணியில நிக்கிறது நானு. வந்து பாரு" என்றேன். வந்தாள். மேட்டில் கழிவுநீர்த் தொட்டியின் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள். நம் கிணற்றுத் தண்ணீரை மறுசோதனை முடியும்வரை வாயில் வைக்கக் கூடாதாம்.

மறுநாள் பின்வாசலில் ரொபர்ட்டா, கையில் ஒரு ஜாடித் தண்ணீர். ஓடையில் அவள் பண்ணை நமக்குக் கீழேதானே. "மெர்ல் இருக்காரா? என் கிணத்துத் தண்ணியைக் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்" என்றாள். நறுக்கென்று நாலு வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அப்பா கண்ணாடியைத் துடைத்து, கருவியைக் கழுவி, ஜாடியில் விட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு நாங்கள் வாங்கி வைத்திருந்த குடிநீர்க் கேன்களைத் தூக்கிப்போய் அவள் வண்டியில் ஏற்றினார். அவள் அழுதாள். அன்று முழுக்க நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

இப்போது இருவரும் தினமும் ஓடையில் இறங்குகிறோம். எனக்கும் ஒரு கால்சட்டை வாங்கியாயிற்று. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும், குட்டிப்பயலின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம். தொட்டிலைத் துடைத்து வைத்துவிட்டேன். ஆனால் நான் சொல்லும்வரை டிக்கெட் எடுக்காதே.

உன் அம்மா,
ஆர்லீன்