சிங்கப்பூர் சூப்

ஏங்க,

எழுப்ப மனசு வரவில்லை. இட ஒதுக்கீட்டு மறியலுக்கு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், பஸ் ஓடவில்லை. உங்கள் மாத்திரை தீர்ந்துவிட்டது. வயல் வழியாகச் சங்கராபுரத்துக்கு நடந்தே போகிறேன். திரும்பி வரச் சாயந்தரம் ஆகிவிடும்.

சோறும் சுரைக்காய்க் கூட்டும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் உப்பில்லை. மத்தியானம் உங்கள் அக்கா வந்தால் அவர் இலையில் மட்டும் உப்பு வையுங்கள். ஊறுகாய் ஜாடியைத் தேட வேண்டாம், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய டப்பா சூப், சீக்காளிக்கு நல்லது என்று நானும்தான் நம்பினேன். நேற்று வந்த நர்சம்மா டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டு, "சோடியம் ஜாஸ்தின்னு போட்டுக்குது. அதுவும் உப்புதாம்மா, இவரு கிட்னிக்கு ஆவாது" என்றார். அதனால்தான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். அதற்குப் போய், "உப்பில்லாச் சோத்தப் போட்டு இப்பவே கருமாதி பண்றியா" என்று கேட்டுவிட்டீர்கள். விடிகிற வரைக்கும் அதுதான் காதில் இருந்தது.

சாவி மாடத்தில்.

அம்சவள்ளி

இன்னொன்று. மிச்சச் சூப்பைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உங்களோடு சேர்ந்து நானும் உப்பை விட்டு ஆறு மாசம் ஆகிறதே. நாக்கில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் கத்தினது தப்பில்லை.

ஆனாலும் சோற்றை மிச்சம் வைக்காதீர்கள்.