கமா விழுந்த எடை

4.11.2003, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. நோன்பு, லேசான தலைவலி.

சேகர் அண்ணனோடு அரியலூர். அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் நான் சேர்ந்தபின் தனியாக எழுதிய முதல் புரோகிராம், அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. வயதையும் எடையையும் தட்டினால் எவ்வளவு மருந்து என்று சீட்டு அச்சாகும். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஸ்டெல்லா அக்கா ஃபைலைக் கீபோர்டின் மேலேயே வைத்தார். என்னென்னவோ எழுத்துகள் ஓடின. திரை நின்றுபோனது.

"அய்யய்யோ, நான் ஒண்ணும் பண்ணலைங்க!"

அவர்மேல் தப்பில்லை. நான் சோதித்ததெல்லாம் ஒழுங்கான எண்களை வைத்து.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன்: "ஃபைலத் தூக்கி வச்சா நிக்கத்தான் செய்யும். திங்கக்கிழம ஆஸ்பத்திரியில போட்டுரலாம்." வழி நெடுக சிமெண்ட் லாரிகள்.

5, புதன்

நானே தட்டினால் என் புத்திக்கு எட்டியதைத்தான் தட்டுவேன். அதனால் கண்டபடி தட்டுவதற்கென்றே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். எண், எழுத்து, புள்ளி, வெற்றிடம், எது வேண்டுமானாலும்.

ஓடவிட்டேன். எடை காலியாக இருந்தால் மருந்துப் புரோகிராம் நின்றது. ரொம்பப் பெரிய எண்ணுக்கும் நின்றது. இரண்டும் சரிசெய்தாயிற்று.

வாங்க: பேரீச்சம்பழம், அத்தாவின் கண் மருந்து, பிரிண்டர் ரிப்பன்.

6, வியாழன்

இப்போது எதற்கும் நிற்கவில்லை. "போதும்மா," என்றார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. நிற்காமல் ஓடினால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தமா? ஒன்று சேர்த்தேன்: தட்டிய எடையும் சீட்டில் வரும் எடையும் வேறானால் நின்று காட்டு.

அஸர் தொழுகைக்கு முன்பே காட்டியது. தட்டியது 3,2. சீட்டில் 32.

புள்ளிக்குப் பதில் கமா. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். கமாவை விழுங்கிவிட்டு, பிறந்த சிசுவைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக்கி, பத்து மடங்கு மருந்து எழுதியிருக்கிறது. சத்தமே இல்லாமல்.

அண்ணனைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "திங்கக்கிழம வேணாம். டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பாரு."

10, திங்கள்

மழை விட்டது. இன்று போட்டிருக்க வேண்டிய நாள். "இப்பவே தெரிஞ்சுதே, அதுவே நல்லதுங்க," என்றாராம் டாக்டரம்மா.

கமா வந்தால் இனி சீட்டு வராது. வயதுக்குப் பொருந்தாத எடை என்றாலும் வராது. காலையிலிருந்து கண்டபடி தட்டவிட்டிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. நிம்மதியா, பயமா, தெரியவில்லை.

17, திங்கள்

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் போட்டாயிற்று. இன்று மதியம் போன். ஸ்டெல்லா அக்கா, கடுப்பில்.

"என்னம்மா இது, எடைய வாங்கவே மாட்டேங்குது. செவப்பா என்னமோ வருது."

"என்ன தட்டுனீங்கக்கா?"

"ரெண்டு... அட, கமாவுல்ல போட்டுருக்கேன்! இரு, மாத்திட்டேன். ஆங், சீட்டு வந்துருச்சு. வச்சிரவா?"

வைத்துவிட்டார். அவருக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

"என்னாச்சு?" என்றார் அண்ணன். சொன்னேன். "போயி மொகத்தக் கழுவிட்டு வா, பிள்ள," என்றார். அழுதிருக்கிறேன் போல.

மஃரிபுக்கு, நோன்பு திறக்க, வீடு வந்துவிட்டேன். நல்ல பசி. கஞ்சி இரண்டு குவளை.