கேட்காமல் காட்டிய முகம்

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆண்டு விழாவில், இந்த வருடம் ஊருக்கு என்ன செய்தோம் என்று வீடியோ போட்டார்கள். அதில், சேரன்மகாதேவியில் நாங்கள் நடத்திய விழிப்புணர்வு முகாமுக்கு வந்த மெர்சி டீச்சர் அழுதுகொண்டிருந்தார். தன் படத்தை எவனோ ஆபாசமாக மாற்றி மிரட்டுவதாக என்னிடம் மட்டும் சொல்லி அழுத காட்சி அது. யார் படம்பிடித்தார்களோ! அரங்கமே கைதட்டியது.

நேராக மேனேஜரிடம் போனேன். "அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

"நல்ல காரியத்துக்குத்தானம்மா போட்டிருக்கு. எதுக்கு இப்படிச் சத்தம் போடுதிய?"

"அந்த மிரட்டுனவனும் கேக்காமத்தான் படத்தை எடுத்தான்."

நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்த வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தேன். பிறகு டீச்சருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"உன்னைய நம்பித்தான சொன்னேன், பாத்திமா?" என்றார்.