ஏரி தாண்டும்வரை ராணி

அக்கா,

உன் சீட்டுக்கட்டு இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து கோவளத்தில் உன் பீரோவை ஒழித்தபோது உன் தம்பி அதை மட்டும் கேட்டு வாங்கிவந்தார். நேற்று மாலை டப்பாவைத் திறந்தார். கூடம் முழுக்கப் பவுடர் வாசனை. சீட்டு ஒட்டாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று டால்கம் பவுடரைத் தூவித் தேய்த்து வைப்பாயே, அதே வாசனை. நான் அடுப்படியில் இருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா கட்டுல ஒரு சீட்டு கொறையுதேம்மா" என்றார்.

"பீரோவுலயே விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நாம் சேர்ந்ததே சீட்டால்தான். செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் காலை வண்டி, பெண்கள் பெட்டி. ஒரு பக்கம் பூ கட்டுவார்கள், ஒரு பக்கம் கீரை ஆய்வார்கள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்வாள். நடுவில் நான்கு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து ரம்மி ஆடுவீர்கள். எனக்கு எழும்பூரில் வேலை கிடைத்த புதிது. யாரோடும் பேசாமல் வந்துகொண்டிருந்தவளை நீதான் தோளைத் தட்டினாய். "இன்னாடி, ஜன்னலையே பாத்துகினுக்கீறே? ஒரு கை கொறையுது, வந்து குந்து."

எனக்கு ஆடத் தெரியாது என்றேன். "தெரிஞ்சவளுங்க கூட ஆடித்தான் நான் தோத்துகினுக்கீறேன். நீ வா" என்றாய்.

அன்றைக்கே அந்தச் சட்டத்தையும் சொல்லிவிட்டாய். வண்டி கொளவாய் ஏரியை ஒட்டிப் போகிறவரை யாரும் ராணியைக் கீழே போடக் கூடாது. எப்போதோ ஒருத்தி ஏரியோரத்தில் ராணியைப் போட, அதை எடுத்து அடுத்தவள் ஆட்டத்தை முடிக்க, அந்த நிமிடமே வண்டி நின்றுபோய் எல்லோருக்கும் அலுவலகத்தில் பாதி நாள் விடுப்பு போனதாம். அதிலிருந்து அந்தப் பெட்டியில் அது சட்டம். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் ராணியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏரி முடிந்ததும் நீ, "தாண்டிடுச்சி, போடுங்க" என்பாய். ஒரே நேரத்தில் ராணிகள் கீழே விழும். புதிதாக ஏறியவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். உனக்கு அது பழகிப்போய், ஏரி தாண்டிய பிறகும் ராணியை விட மனசு வராது. அதனாலேயே பாதி ஆட்டம் தோற்பாய்.

அந்த ரயிலில்தான் உன் தம்பிக்கு என்னைப் பார்த்தாய். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வருமுன்பே நீ முடிவு செய்துவிட்டாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் வீட்டுப் பெரியவர்கள் என்னிடம், உன்னை "அண்ணி, நீங்க" என்று கூப்பிடச் சொன்னபோது, "அந்த நீங்க வாங்கல்லாம் எனுக்கு வேணாம். ரயில்ல எப்டி கூப்ட்டியோ அப்டியே கூப்டு" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு நாள் சுமந்து திரிந்தேன் தெரியுமா? புகுந்த வீட்டில் எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பினேன்.

பிறகு நீ சென்னை வேலையை விட்டு, கடற்கரைச் சாலையில் புதிதாக வந்த கணினி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாய். வீட்டையும் கோவளத்துக்கு மாற்றிக்கொண்டாய். ரயில் ஆட்டம் நின்றது. அப்போதுதான் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கணினியின் முன்னால் என்னை உட்காரவைத்து, "இனிமே இதுல ஆடலாம். துண்டும் வேணாம், மடியும் வேணாம்" என்றாய். ரம்மி இல்லை, ஐந்து சீட்டு மாற்று போக்கர். உன் அலுவலகப் பையன்கள் மத்தியான வேளையில் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாயாம். பணம் வைத்து ஆடுகிற பக்கத்தை நீ தொடவிடவில்லை. இலவச மேஜையில் பணத்துக்குப் பதில் பொம்மைச் சில்லுதான்.

நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய். ஒரு பெயரைத் தட்டிவிட்டுக் காலியான நாற்காலியை அழுத்த வேண்டும். எல்லோரும் கொஞ்சம் சில்லை நடுவில் போட்டதும் ஐந்து சீட்டு வரும். நம் சீட்டு நமக்கு மட்டும்தான் தெரியும். கை மோசமென்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இருக்க வேண்டுமென்றால் மற்றவர் கட்டிய அளவு கட்ட வேண்டும், துணிச்சல் இருந்தால் ஏற்றியும் கட்டலாம். பிறகு வேண்டாத சீட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக அழுத்தி, மாற்று என்ற பொத்தானைத் தட்டினால் அவை போய்ப் புதுச்சீட்டு வரும். மறுபடி ஒரு சுற்றுக் கட்டுவது. கடைசிவரை நிற்கிறவர்கள் கையை விரித்துக் காட்டுவது. ஒரு ஜோடியை விட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே எண்ணில் மூன்று பெரிது, அதற்கு மேல் வரிசை, அதற்கும் மேல் ஐந்தும் ஒரே பூ, இஸ்பேட் என்றால் ஐந்தும் இஸ்பேட்.

"ரயில்ல மொகத்தப் பாப்போம். இதுல மொகம் கெடையாது" என்றாய். "எத்தினி சீட்டு மாத்தறாங்கன்னு மட்டும் பாரு. மூணு மாத்தனா கைல ஜோடி கீது. ரெண்டு மாத்தனா ஒரே நெம்பர்ல மூணு கீது, பயப்படு. ஒன்னு மாத்தனா ரெண்டு ஜோடி, இல்லாங்காட்டி வரிசைக்கு அலையறாங்க."

எனக்கு ஒரு ஜோடி ஏழும் ஒரு ராணியும் வந்திருந்தன. பழக்கத்தில் ராணியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தொட்டேன். என் கையில் ஓர் அடி போட்டாய். "இங்க ஏரியும் இல்ல ஒன்னும் இல்ல. ஜோடிய வெச்சிகினு மூணையும் தூக்கிப் போடு." போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் மத்தியானம் நீ கோவளத்திலிருந்தும் நான் செங்கல்பட்டிலிருந்தும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அப்போது இணையத்தில் இருந்தால் தொலைபேசி வேலை செய்யாது. பேச வேண்டுமென்றால் மேஜைக்குக் கீழே இருந்த அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் மூன்றாவது நாற்காலியில் மார்த்தா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். நார்வேயாம். ஓய்வுபெற்ற நர்ஸாம், தனியாக இருக்கிறாளாம். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் பேசுவாள். தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். கரையில் இழுத்துப் போட்ட படகுகள், காலையில் மீன் ஏலம், கடலைப் பார்த்த தேவாலயம், மணி அடித்தால் பறக்கும் காக்கைகள். நான் அதன் மேல் பனியை நானே தூவிக்கொண்டேன். நார்வேயில் காக்கை இருக்குமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

நீ எப்போதும் முதலில் கிளம்புவாய். "மீன்காரி வந்துட்டா, அப்பால பாக்கலாம்" என்று தட்டிவிட்டுப் போவாய். மார்த்தா இருப்பாள். மழை நாள் ஒன்றில் நீங்கள் இருவரும் ஒரே நொடியில் மேஜையிலிருந்து காணாமல் போனீர்கள். எங்கள் வீட்டு இணைப்புதான் சரியில்லை என்று நினைத்து மோடத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். கோவளத்தில் மின்சாரம் போயிருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அந்த வருடம்தான் துறைத் தேர்வில் தேறினேன். பதவி உயர்வு, திருச்சிக்கு மாற்றல். இரண்டு வருடம் அங்கே இருந்தால் அதிகாரியாகத் திரும்பி வரலாம். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் யாரோ பார்த்து எனக்கு அமைத்துக் கொடுத்தவை. இது ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டுக் கை நீட்டியது. உத்தரவு கைக்கு வரும்வரை வீட்டில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முன்னாலேயே சொன்னால் பேசிப் பேசியே கரைத்துவிடுவார்கள். உன்னிடமும் சொல்லவில்லை. தம்பிக்கும் எனக்கும் நடுவில் நீ மாட்டிக்கொண்டு தவிக்கக் கூடாது என்று உனக்காகப் பார்த்தேன், அக்கா. உனக்காக!

ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நார்வேக்காரியிடம் சொன்னேன். நீ மீன் வாங்கப் போன பிறகு அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "உன் கணவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "எப்போது மாற்றல் பட்டியல் போகிறது?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

பட்டியலில் என் பெயர் இல்லை. மேலதிகாரியிடம் போய் நின்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரேம்மா. வீட்ல சூழ்நிலை சரியில்ல, நீங்க வேணாம்னு வாய்விட்டுச் சொல்லத் தயங்குறீங்கன்னு சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான் எடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "நீ போய்ட்டா இந்த வூடு என்னாவும்?" என்றார். யார் சொன்னது என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அலுவலகத்தில் ஒவ்வொருத்தியாகச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. உனக்குத்தான் நான் சொல்லவே இல்லையே.

அடுத்த சனிக்கிழமை மார்த்தாவிடம் போய் அழுதேன். தட்டச்சு செய்தும் அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள், "வருந்தாதே. குடும்பம் பெரியது" என்று எழுதினாள். அந்த வாக்கியம் எனக்கு என்னவோ போலிருந்தது. இருந்தும் ஆடினோம்.

அவள் இரண்டு சீட்டு மாற்றினாள். நீ சொல்லிக்கொடுத்தபடி மூன்று ஒரே எண் இருக்கும் என்று பயந்தேன். என் கையில் ஒரு ஜோடி பத்து மட்டும்தான். வீம்புக்குக் கட்டினேன். கையை விரித்தபோது அவளிடம் இருந்தது ஒரு ஜோடி ஒன்பது, கூடவே ஓர் இஸ்பேட் ராணி. முன்பும் அவள் இரண்டு மாற்றிய ஆட்டங்களில் இப்படியே ஆனது நினைவுக்கு வந்தது. ஏதாவது ஒரு சின்ன ஜோடி, பக்கத்தில் ஒரு வேலைக்கும் ஆகாத ராணி. உலகத்தில் எந்த ஊர்க்காரி ஜோடியை வைத்துக்கொண்டு காரணமில்லாமல் ராணியைக் காப்பாற்றுவாள்? உன் பெயரில் உட்கார்ந்திருந்தபோது நீ ஒருநாளும் அந்தத் தவறைச் செய்யவில்லை. நான் பார்க்கிறேன் என்று ஜாக்கிரதையாக ஆடினாய். அதே கணினியில் மார்த்தா என்ற பெயரில் உட்கார்ந்தபோது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாய்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்: "ஏரி தாண்டிடுச்சா அக்கா?"

அந்த நாற்காலி காலியானது. இணைப்பைத் துண்டித்ததும் தொலைபேசி அடித்தது. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு நாம் சந்திக்காமல் இல்லை. சொந்தத்தில் அப்படி முடியுமா? காதுகுத்து, கிரகப்பிரவேசம், திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம். பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம். நீ என் இலையில் அப்பளம் வைத்தாய், நான் தின்றேன். அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சொன்னது நீதான் என்று எனக்குத் தெரியும் என்பது உன் தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

உனக்கு உடம்பு முடியாமல் போன பிறகு கூப்பிட்டனுப்பினாய். உன் தம்பி இளநீர் வாங்கப் போன நேரம் பார்த்துத் தலையணைக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாய். ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டாய். பவுடர் உன் போர்வையெல்லாம் கொட்டியது.

"மொதல்ல சொம்மா வெளாட்டுக்குத்தான் மே அந்தப் பேர்ல வந்தேன். அப்பால தம்பி வந்து ஒக்காந்தான். உன் மன்சுல இன்னா கீதுன்னே தெரிலன்னான். கண்ணு கலங்கிச்சி அவனுக்கு. நான் இன்னா பண்றது?"

உன் தம்பியின் கண் கலங்கியது உனக்குத் தெரிந்தது. என் கண்? என்னை முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட்டவள் நீ. நான் உன் தம்பியின் மனைவியாவதற்கு முன்னால் உன் சிநேகிதி. அது ஒருநாளாவது உன் நினைவுக்கு வந்ததா? இதையெல்லாம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நோய்ப்பட்டவளிடம் என்ன கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் கையில் இஸ்பேட் ராணி வந்திருந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டாய். சாகக் கிடந்தபோதும் அடுத்தவள் சீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. மெல்லச் சிரித்து, "ஏரி எப்பவோ தாண்டிடுச்சி. இன்னும் கைலயே வெச்சிகினுக்கீறியே. போட்டுடு மே" என்றாய்.

நீ சீட்டைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குத் தெரியாதா? மற்ற நான்கையும் கட்டிலில் கவிழ்த்தேன். ராணியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

இப்போதும் அதே வண்டி, அதே பெண்கள் பெட்டி, அதே பதவி. என்னைவிடப் பின்னால் சேர்ந்தவர்கள் திருச்சி போய்த் திரும்பி எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியில் இப்போது யாரும் சீட்டாடுவதில்லை. இன்று காலை கைக்குட்டையை எடுக்கப் பையைத் திறந்தேன், உள்ளே கிடந்த ராணியின் பவுடர் வாசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் முடிந்து வயல் தொடங்கியது. தாண்டிவிட்டது, அக்கா. தெரிகிறது. பையை மூடிவிட்டேன்.