ஓதின தண்ணி

சபுரா,

நீ குழாயடிக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்புறேன். அடுப்புல கஞ்சி இருக்கு. உன் அண்ணன் தன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா, பள்ளிவாசல்ல ஓதி வாங்கின தண்ணியைத் தேடாதே. கொட்டிட்டேன்.

என் படபடப்பு அதுலதான் தீர்ந்துச்சுன்னு நீ சொல்லப்போய், பயந்த பிள்ளைக்கும் அதைக் கேட்டு வாராக. நான் தூங்கினது சாராயத்துல. உனக்குத் தெரியாம அந்தச் செம்புலயே கலந்து குடிச்சேன். குடிச்சா நெஞ்சு அடங்குது. விடிஞ்சா அம்புட்டுப் பயமும் இரட்டிப்பா வருது. உன் முகம் பார்த்துச் சொல்ல முடியலை.

செம்பை விளக்கி வச்சிருக்கேன். நீயும் ஒரு தடவை விளக்கிரு.

பக்கீர்

மறந்துட்டேன்: பள்ளிவாசல் அசரத்துகிட்டப் புதுசா ஓதி வாங்கு. பிள்ளைக்குக் குடுத்தது போக எனக்கும் ஒரு மடக்கு வை. அதை வெறுமனே நான் இன்னும் குடிச்சுப் பார்க்கலை.