தெர்மோஸ்டாட் பதவியேற்பு

பத்தான்கோட்,
மார்கழி

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நான் நலம். குளிரில் மூக்கு மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. உன் முழங்காலும் நம் கறவை மாடும் எப்படி இருக்கின்றன?

போன வருடம் நம் காரில் ஹீட்டர் போட்டதும் இமயமலையே உள்ளே வந்து உட்கார்ந்தது. "இனி இந்த ஊருப் பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டனுங்க" என்று நீ ரயிலேறினாய். அந்தக் குற்றவாளியை ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பிடித்துவிட்டேன்.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கிற வால்வுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். எஞ்சின் சூட்டை வாங்கித்தான் ஹீட்டரே வேலை செய்யும். அது கெட்டிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி, எங்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியின் டிரைவர் குழந்தைவேலோடு சேர்ந்து அது இருக்கிற இடத்தின் மூடியைக் கழற்றினேன்.

"அண்ணா, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே" என்றான்.

ஊரில் வண்டியைப் பழுது பார்த்த உன் அண்ணன் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன்.

"நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்க மாப்ள? அப்பவே களட்டிப் போட்டுட்டனுங்க" என்றார், பெரிய உபகாரம் செய்தவர் போல. திருச்செங்கோட்டு வெயிலை நம்பிப் பஞ்சாபுக்கு வண்டி அனுப்பிய ஒரே விஞ்ஞானி அவர்தான்.

புது வால்வு பதவியேற்றது. கூலன்ட் தண்ணீர் பாதி என் தலையில் கொட்டி அபிஷேகமும் ஆயிற்று. பயப்படாதே, ஆறின தண்ணீர்தான்.

இப்போது காருக்குள் சித்திரை மாதம், அப்பளமே பொரிக்கலாம். சாயங்காலம் சும்மாவே அதில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்து சீட்டும் சூடாகத்தான் இருக்கிறது.

கொள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. பார்சலில் போட்டால் ஏழெட்டு மாநிலத்துக்காரர்களும் வழியிலேயே தின்றுவிடுவார்கள், அதனால் நீயே கொண்டு வா. குழந்தைவேல் ஹாரன் அடிக்கிறான். டிக்கெட் போட்டதும் சொல். ஸ்டேஷனுக்கு வண்டியைச் சூடாக்கிக் கொண்டுவருகிறேன்.

உன்
குணசீலன்