புல்வெளியில் சிவப்புத் துணி

மொன்றியல்,
ஆனிக் கடைசி.

அன்புத் தங்கச்சி சிவநேசத்துக்கு அண்ணன் அருமைராசா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மகள் தனுஷாவின் குருவிப் படிப்பு இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முதலே சொன்னேன். பக்கத்து ஊர் லொங்குய்யில் கந்தோரில் மேசைக்கு முன்னாலிருந்து பார்த்த வேலையை அவள் விட்ட நாளிலிருந்து நீ அவளோடு கதைப்பதில்லை. எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வைகாசியிலிருந்து அவளைக் காரில் மாட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோனது நான்தான். மாட்டுக்குப் புல் வளர்க்கும் வெளி, கடல் மாதிரி. அந்தப் புல்லுக்குள் நிலத்திலேயே கூடு கட்டும் ஒரு குருவி. ஆண் குருவி உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் மட்டும் வெள்ளை. சட்டையை முன்பின் மாறிப் போட்டதுபோல இருக்கும். அவள் நாள் முழுக்கக் குந்தியிருந்து பார்ப்பாள், குஞ்சுகளை நிறுப்பாள், காலில் வளையம் போடுவாள். நுளம்பு கடித்து முகமெல்லாம் வீக்கம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பண்ணைக்காரனோ என்னைத்தான் புரொபசர் என்று நினைத்திருந்தான். என் பிரெஞ்சைக் கேட்ட பிறகு எல்லாவற்றையும் அவளிடமே கேட்டான்.

குஞ்சுகள் பறக்கும்வரை புல் வெட்டுவதில்லை என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. தனுஷா கூட்டருகே அடையாளத்துக்கு ஒரு குச்சிகூட நட மாட்டாள். இடத்தைப் போனில் குறித்து வைப்பாள். ட்ரக்டர் ஓட்டுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவள் வராத ஒரு நாளில் நான் தனியே போய், உன் மச்சாளின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, கூட்டுக்குக் கூடு தடி நட்டுக் கட்டிவிட்டேன். அத்தனை கூடும் எனக்கு மனப்பாடம். தூரத்தில் நின்று பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அவளோடு போனால் காகங்கள். துணி கண்ட இடமெல்லாம் இறங்கித் தின்றிருக்கின்றன. அதுகளுக்கு அவ்வளவு புத்தி இருக்கும் என்று யார் கண்டது? ஒரு கூடும் தப்பவில்லை. மிச்சமாய்க் கிடந்த குஞ்சுகளைத் தனுஷா பொறுக்கி, ஒவ்வொன்றாகச் சின்னப் பைகளில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "விடுங்கோ மாமா, நல்லதுக்குத்தானே செய்தனீங்கள், வாற வருசம் பாப்பம்" என்றாள். மனத்தைரியத்தில் பிள்ளை என்னைப்போலத்தான்.

இப்போது எங்கள் வீட்டில்தான், மேலறையில் இருக்கிறாள். மச்சாள் கொண்டுபோய் வைக்கும் சோறு பாதி திரும்பி வருகிறது. தங்கச்சி, நீ ஒருக்கால் அவளுக்குப் போன் எடு. வேலையைப் பற்றிக் கேளாதே, என்னைப் பற்றியும் கேளாதே. சாப்பிட்டியோ என்று மட்டும் கேள்.

நல்லூரான் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அண்ணன்,
அருமைராசா

கையெழுத்து வைத்த பிறகு ஒன்று. அவள் சிரித்ததாகவும் அப்படிச் சொன்னதாகவும் எழுதியது நான் சோடித்தது. தடிகளையெல்லாம் அவளே பிடுங்கினாள். துணிகளை மடித்து என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.